மேற்பார்வையாளர் கமருன்னிஸா

கணவர் யூனுஸ் நீட்டிய தாளில் ஓர் எழுத்துகூடக் கமருன்னிஸாவுக்குப் புரியவில்லை. எல்லாம் சீன எழுத்து. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் அவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். பட்டுக்கோட்டைக்கு வெளியே, அவர்களுடைய தென்னை நார் மில்லின் ஆபீஸ் அறை அது. மட்டை அடிக்கும் மெஷினின் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்தது.

"சீனாவுல கம்பெனி பதியணும்னா, முதலாளியக் கண்காணிக்க ஒரு ஆளக் காட்டணுமாம் கமரு. மேற்பார்வையாளர்னு பேரு. உன் பேரப் போட்டிருக்கேன்."

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கையெழுத்துப் போட்டா போதும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் வேலைக்கு இப்போதுதான் ஒரு அரசாங்கம் பெயர் வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அவர்கள் மில் நார் பல வருஷங்களாகச் சீனாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தூத்துக்குடி ஏஜெண்டு வாங்கி அனுப்புவார். அங்கே மெத்தைக்குள் போய்விடும். போன வருஷம் யூனுஸ் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்துக்கு ஒருமுறை போய் வந்தார். அங்கே ஒரு கிடங்கில் தன் மில் கட்டுகளையே பார்த்திருக்கிறார். மேலே வேறு ஏதோ கம்பெனியின் சீட்டு ஒட்டியிருந்ததாம். ஊருக்குத் திரும்பியவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஜெர்மன்காரன், கொரியாக்காரன், ஜப்பான்காரன் எல்லாம் அந்த ஊரில் மாடிக்கு மாடி போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறான். இப்போது வெளிநாட்டுக்காரன் சொந்தப் பெயரிலேயே கம்பெனி வைத்து விற்கலாம் என்று சட்டம் வந்துவிட்டது. பட்டுக்கோட்டைக்காரன் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? அவர் அப்படிப் பேசும்போது பெண் பார்க்க வந்த அன்று இருந்த முகம் திரும்ப வந்துவிடுவதைக் கமருன்னிஸா கவனித்தாள். அதற்காகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்கு முதல் காட்ட வேண்டும். அதற்கு ஒரே வழி, அவளுடைய வாப்பா அப்துல் ஜலீல் விட்டுப்போன தென்னந்தோப்பை விற்பது. கிரயத்துக்கு ஆளும் கிடைத்துவிட்டது. இடம் காலியாக வேண்டும் என்பதுதான் வாங்குபவர் போட்ட ஒரே நிபந்தனை.

தோப்பின் வாய்க்கால் ஓரத்தில் மூன்று குடிசைகள் இருந்தன. அதில் ஒன்று காளியம்மாளுடையது. வாப்பா காலத்தில் விவசாயக் கூலிகள் சங்கத்து ஆட்கள் அங்கே சிவப்புக் கொடி நட்டார்கள். குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டமும் வந்தது. வாப்பா கோர்ட்டுக்குப் போனார். பட்டாவும் வரவில்லை, குடிசைகளும் போகவில்லை. ஆட்சி மாறி மாறி வந்தது. இந்த ஆட்சியில் அந்தக் குடிசைகளுக்கு இலவசக் கலர் டிவிகூட வந்துவிட்டது; பட்டா மட்டும் தாலுக்கா ஆபீசை விட்டு நகரவில்லை.

மறுநாள் கமருன்னிஸா மில்லில் நார் காயவைக்கும் களத்துக்குப் போனாள். காளியம்மாள் ஈர நாரை உதறிப் பரப்பிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அந்தத் தோப்பில் இருவரும் ஒன்றாகக் குரும்பை பொறுக்கியவர்கள்.

"தோப்பக் கொடுக்கப் போறீங்களாமே பாயம்மா."

கமருன்னிஸா செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் வந்தாள்.

"கொடி நட்டு சண்ட போட எங்க மாமனாரு இல்ல. எம் புள்ளைக்கு அதெல்லாம் தெரியாது." காளியம்மாள் நிமிராமலே சொன்னாள். "மழைக்கு முன்னாடி சொல்லிடுங்க. அது போதும். மழயில சாமான தூக்கிட்டு அலய முடியாது."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. கமருன்னிஸா தானும் ஒரு கை நாரை எடுத்து உதறிப் போட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் டீ கொடுக்கும்போது யூனுஸிடம் சொன்னாள்.

"தோப்ப வித்துக்கங்க. வாய்க்கா ஓரத்த மட்டும் விட்டுடுங்க. அத அவங்க பேருக்கு எழுதிக் கொடுத்துடலாம்."

"அப்ப அந்தாளு வாங்க மாட்டான் கமரு. பாதைக்கு அந்த எடம்தான் வேணும் அவனுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"நீங்கதானே முதலாளியக் கண்காணிக்க ஆள் போட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

கிரயம் முறிந்தது. பட்டுக்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசில் மனைகளை எழுதிக் கொடுத்த அன்று யூனுஸ் கூட வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், முதலுக்கு வழியில்லாமல், சிங்தாவில் சுன் என்ற மெத்தைத் தொழிற்சாலைக்காரரோடு கூட்டுச் சேர்ந்தார். போர்டில் பாதி அவர் பெயர், பாதி இவர்கள் பெயர். "பாதியாச்சும் கெடச்சுதே" என்று ஏர்போர்ட்டில் சொல்லிவிட்டுப் போனார். அது சமாதானமா குத்தலா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மில்லை அவள் பார்த்துக்கொண்டாள். போனில் அவர் லோடு, ஈரப்பதம், கப்பல் தேதி என்று மட்டும் பேசினார். ஒருநாள் மட்டும், பேசி முடித்த பிறகும் போனை வைக்காமல், "இங்க ரொம்பக் குளிருது கமரு" என்றார்.

அவள் பாஸ்போர்ட் எடுத்தாள்.

சிங்தாவ் ஏர்போர்ட்டில் யூனுஸ் இளைத்துப் போய் நின்றார். கையில் அவளுக்கென்று வாங்கிய கோட்டு, கணுக்கால்வரை தொங்கும் அளவுக்குப் பெரியது. அதற்குள் அவளை நுழைத்து, பித்தான்களை அவரே போட்டுவிட்டார். தொழிற்சாலை வாசலில் போர்டைக் காட்டினார். எது தங்கள் பெயர் என்று கேட்டாள். அவருக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை.

தொழிற்சாலைக்குள் போனபோது மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மெஷின்கள் நின்றிருந்தன. ஒரு மூலையில், இன்னும் உறை போடாத மெத்தையின் மேல் வேலைக்காரப் பெண் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பழுப்பு நார் அவள் கன்னத்தில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. யூனுஸ் ஏதோ விளக்க வாயெடுத்தார்.

"மெதுவா" என்றாள் கமருன்னிஸா.

அவர் குனிந்து அவள் காதருகே வந்து, நம்ம நாருதான், போன லோடு என்றார். இத்தனை நெருக்கத்தில் அவர் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. இன்னும் சொல்லுங்க என்பதுபோல அவள் நகராமல் நின்றாள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் தூக்கத்தில் புரண்டு, முழங்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.