எல்லோருக்கும் ஒரே ஈரம்

அம்சம் அக்காவின் நெல்லை மழைதான் கெடுத்தது என்று ஊரே சொல்கிறது. கெடுத்தது நான்.

கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் உழவர் குழுவின் கொள்முதல் களத்துக்குப் போன் செயலி எழுதிக் கொடுத்தவள் நான். படித்த பெண் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், நானும் இறங்கவில்லை. ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டிய நெல்லை எடுக்கக் கூடாது. அந்த வரம்பு எல்லோருக்கும் பொது. அதனால் அந்த வரியில் ‘ஸ்டேட்டிக்’ என்று போட்டேன். அப்படிப் போட்டால் எத்தனை பேர் பதிந்தாலும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே எண்தான். கை அதே வேகத்தில் அடுத்த வரியிலும் அதைப் போட்டுவிட்டது. அடுத்த வரி, அவரவர் நெல்லின் ஈரம். ஒரே ஒரு பெயரை வைத்துச் சோதித்தேன். சரியாக வந்தது. அதோடு விட்டேன், மகராசி.

முதல் நாள் களத்தில் இரண்டே பேர். அக்காவின் நெல்லை அளந்து பதிந்தார்கள். அடுத்து ராமாயியின் நெல்லை. எடை போடப் போகும்போது போன் அக்காவுக்கு இருபத்திரண்டு காட்டியது. அது கடைசியாகப் பதிந்த ராமாயி நெல்லின் ஈரம்.

அக்கா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். “கடக்குன்னு ஒடியுதே, பாரதி?”

“போன் பொய் சொல்லுமாக்கா?” என்றேன். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அக்கா தன் கணவர் இளவழகன் மாமா பக்கம் திரும்பினார். “நாலு நாளா ரோட்டுல என்னத்தக் கிண்டிக் காயவச்சீங்க?”

மாமா மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைவிட்டது.

அக்கா கடித்துப் பார்த்த நெல் மனதில் உறுத்த, நேற்று ஈரம் பார்க்கும் மெஷினில் பழைய அளவுகளைத் தேடினேன். அக்காவின் நெல் பதினான்கு. செயலியில் அந்த ஒரு சொல்லை நீக்கினேன், சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

இன்று காலை அவர்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். “அக்கா, உங்க நெல்லு நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு. நான் எழுதுனதுலதான் தப்பு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அக்கா வீட்டுக்குள் பார்த்தார்.

“பத்து நாளா நான் அந்த மனுஷன்கிட்ட பேசல, பாரதி. உள்ளதான் இருக்காரு. நீயே போய்ச் சொல்லு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?”

எனக்கு மட்டும் எந்த முகம் இருந்தது? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.