உதைக்காத துவக்கு

நேசமலர் கைப்பைக்குள் கையை விட்டு, அந்தச் சின்னப் போத்தலின் மூடியை இன்னொரு தரம் இறுக்கினாள். தகனசாலை வாசலில் வண்டிகள் வந்து நின்றுகொண்டிருந்தன. பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்ட ஆறு ஜேர்மன் வேட்டைக்காரர்கள் பளபளக்கும் கொம்புகளைக் கக்கத்தில் இடுக்கியபடி வரிசையாக நின்றார்கள். சித்திரை மாதத்துக் குளிரில் அவர்களுடைய மூக்குகள்தான் சிவந்திருந்தன.

"உதுக்குள்ள என்னம்மா?" என்றாள் மகள் தேனுஜா.

"தைலம்."

அரைவாசி உண்மை. கணவன் ஆனந்தராசாவின் வலது தோளில் ஒரு வருடமாகப் பூசித் தீர்த்த பதினொரு நோத்தைலப் போத்தல்களில் கடைசிப் போத்தல் அது. கழுவிக் காயவைத்து, ஒரு பிடி அரிசி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை தரம் கழுவினாலும் தைல மணம் போகவில்லை. அரிசியிலும் அது ஏறியிருந்தது.

வாய்க்கரிசிக்கு இன்று தடை. தடை விதித்தவர் பெட்டிக்குள் கிடந்தார். தடையை நடைமுறைப்படுத்தப் பென்ஜமின் அண்ணை வந்திருந்தார்.

பென்ஜமின் பத்தொன்பது வருடங்களாகத் தமிழர் கலை மன்றத்தின் தலைவர். வேறு எவரும் அந்தப் பதவியைக் கேட்காததை அவர் மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டுட்கார்ட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு தமிழர் பட்டமில்லாமல் சாக அவர் விட்டதில்லை. ஆனந்தராசாவின் மரண அறிவித்தலில் 'வேட்டைத் திலகம்' என்று போட்டிருந்தார். ஆனந்தராசா ஆயுளில் சுட்டது நாலு மான். திலகத்துக்கு அது காணும் என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

இப்போது அவர் நேசமலரிடம் வந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நேற்று நீங்கள் போனில கேட்டதை யோசிச்சனான். ஏலாது. ராசா ஆஸ்பத்திரியில என்ரை கையில தந்த எழுத்து. ஐயர் வேண்டாம், வாய்க்கரிசி போன்ற மூடநம்பிக்கை வேண்டாம், தோழர்கள் கொம்பு ஊத வேணும். கீழ நான் சாட்சிக் கையெழுத்து வச்சிருக்கிறன்."

"ஒரு பிடி அரிசியண்ணை. ஒரு நிமிஷம்கூடப் போகாது."

"நிமிஷமில்லைப் பிரச்சினை. கொள்கை."

மண்டபம் அவர்களுக்கு நாற்பத்தைந்து நிமிடத்துக்குத் தரப்பட்டிருந்தது. அதில் இருபத்திரண்டு நிமிடத்தைத் தன் உரைக்கு ஒதுக்கியிருந்ததில் பென்ஜமினுக்குக் கொள்கைச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

"அப்பா எழுதி வச்சவர்தானேம்மா," என்றாள் தேனுஜா. "கடைசி ஆசை. விடுங்கோவன்."

விடுவது நேசமலருக்குப் புதிதல்ல. அந்தத் தோள் விஷயத்திலும் அவள் விட்டவள்தான்.

பிஸ்டன் தொழிற்சாலையில் இரும்பு அள்ளிய ஆனந்தராசா ஐம்பத்திரண்டாவது வயதில், மூன்றாம் தடவையில், ஜேர்மன் வேட்டைச் சோதனை பாஸ் பண்ணினார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு வேட்டைத் துவக்கைப் பற்றியதாகவே இருந்தது. எந்தத் துவக்கு, எந்தக் கலிபர், எத்தனை கிராம் சன்னம், நூறு மீற்றரில் எவ்வளவு விசை. நாலு வருடம் தெரிவு நடந்தது. இவ்வளவு ஆராய்ச்சி அவர் பெண் பார்த்தபோது நடந்ததாக நேசமலருக்கு ஞாபகமில்லை.

அவர் வேட்டைக்குப் போன காட்டில் பெரும்பாலும் கிடைப்பது றே என்கிற சின்ன மான். தமிழ்க் கடையில் விற்கும் இருபது கிலோ அரிசி மூட்டையின் நிறைதான் வரும். காட்டைக் குத்தகைக்கு வைத்திருந்த அல்பேர்ட், ஆனந்தராசாவின் பழைய ஃபோர்மன், முதல் நாளே சொன்னார்: உன் உடம்புக்கு ஆறரை மில்லிமீற்றர் கலிபர் எடு, கொஞ்சம் பாரமான துவக்காகப் பார், சுடும்போது வரும் உதைப்பைப் பாரம் வாங்கிக்கொள்ளும். ஆனந்தராசா அறுபது கிலோ. அவர் கேட்டு வாங்கியதோ இருக்கிறதிலேயே பாரம் குறைந்த துவக்கு, அதுவும் 'முப்பது சைபர் ஆறு' என்ற பெரிய கலிபரில்.

"உங்கை காட்டுக்குள்ள யானை நிக்குதோ?" என்று நேசமலர் கேட்டாள்.

"ஆறரை பொம்பிளையளின்ரை கலிபர். மன்றத்தில நாலு பேர் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

நாலு பேர் கேட்டார்கள். அவர் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

ஆறு வருடம் அந்தத் துவக்கு சாதுவாகத்தான் இருந்தது. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் வலது தோள் நோகத் தொடங்கியது. காரணம் கையோடேயே இருந்தது: துவக்கு உதைக்கிறது. முதலில் அடிக்கட்டைக்கு றப்பர் மெத்தை பூட்டினார். நோ குறையவில்லை. குழலுக்குச் சத்தத்தையும் உதைப்பையும் குறைக்கும் கருவி பூட்டினார். நோ கைவழியே இறங்கியது. மோதிர விரலும் சின்ன விரலும் விறைத்தபோது, பிடியின் வளைவு பிழை என்றார். வலது கண் இமை தொங்கத் தொடங்கியபோது, குறி பார்க்கிற கண் காலப்போக்கில் அப்படித்தான் வரும் என்றார். ஒவ்வொரு மாலையும் சேட்டைக் கழற்றிவிட்டுக் கதிரையில் குந்தி, துவக்குக் கற்றலொக்கை மடியில் விரித்துக்கொள்வார். நேசமலர் பின்னால் நின்று தைலம் தேய்ப்பாள். அவளுடைய பெருவிரலுக்கு அந்தத் தோளெலும்பின் குழி மனப்பாடம்.

பங்குனியில் ஒரு நாள் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சருங்கோ. இப்ப ரெண்டு மாசம் மான் சுடச் சட்டம் விடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். துவக்கு இரும்புப் பெட்டிக்குள்ள கிடக்கு. பிறகேன் நோகுது?"

கற்றலொக்கின் பக்கம் புரளவில்லை.

"அது பழைய உதைப்பு. உள்ளுக்க நிக்கும். உனக்கு உதெல்லாம் விளங்காது."

"டொக்டரிட்டை ஒருக்காக் காட்டுவம். நான் டெர்மின் எடுக்கிறன்."

"வயோதிபர் மடத்தில துணி தோய்க்கிறனி, நீ எனக்கு டொக்டர்ப் படிப்புக் காட்டாதை."

அவள் எடுத்தாள். டொக்டர் நேரம் தந்த முதல் டெர்மின் நாளில் அவர் துவக்குக் கடைக்குப் போனார், உதைப்புக் குறைந்த கலிபர்களைத் தோளில் வைத்துப் பார்க்க. இரண்டாவது டெர்மின் வேட்டைக் கண்காட்சியோடு முட்டியது. மூன்றாவதை அவள் எடுக்கவில்லை. தைலம் மட்டும் வாங்கினாள்.

புரட்டாசியில் அல்பேர்ட் காட்டுக்குள் அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, "ராசா, டொக்டரிடம் போ," என்றார். ராசா மறுநாள் காலை ஏழரைக்கே போய் வாசலில் நின்றார். எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. நுரையீரலின் உச்சியில் கட்டி. அது வளர்ந்து தோள் நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. எப்போதிருந்து நோகிறது என்று கேட்டார். பதினொரு மாதம் என்று நேசமலர்தான் சொன்னாள். டொக்டர் அவளைத்தான் பார்த்தார், ஏன் கூட்டி வரவில்லை என்பதுபோல.

அதற்குப் பிறகும் தெரிவு நிற்கவில்லை. மருந்து ஏறிக்கொண்டிருந்த கட்டிலில் கற்றலொக் கிடந்தது. கடைசியில், அல்பேர்ட் பத்து வருடத்துக்கு முன் சொன்ன அதே ஆறரைக்கு ஓடர் கொடுத்தார். இந்த வருடப் பங்குனியில் துவக்கு வந்தது. கட்டிலுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் தராததால், அல்பேர்ட் போனில் படம் எடுத்து வந்து காட்டி, நேசமலரின் போனுக்கும் அனுப்பினார். கடைசி நாள் காலையில் நேசமலர் அவருக்கு உதடு நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் படத்தைக் காட்டச் சொல்லிக் கை நீட்டினார். காட்டினாள்.

"இது உதைக்காது," என்றார்.

அவ்வளவுதான். அவளை நோக்கி இன்னும் ஏதாவது வரும் என்று பின்னேரம் நாலு மணிவரை நனைத்த பஞ்சோடு இருந்தாள்.

மண்டபத்துக்குள் பென்ஜமினின் உரை பதினைந்தாவது நிமிடத்தில் இருந்தது.

"நோவை எவருக்கும் காட்டாத வீரன் எங்கள் ராசா! பதினொரு மாதங்கள் தன் வேதனையைத் தன் நெஞ்சுக்குள்ளேயே புதைத்து வைத்தான்!"

காட்டாதவரா? சாமத்தியச் சடங்கு வீட்டிலும் கடையிலும் கோயில் வீதியிலும் தோளைத் திறந்து காட்டியவர். உதைப்பு என்று பெயர் வைத்துக் காட்டினார், அவ்வளவுதான். இதே பென்ஜமின் அதைத் தொட்டுப் பார்த்து, "பெரிய கலிபர் எண்டால் சும்மாவே," என்று தலையாட்டியது நேசமலரின் கண்ணுக்குள் நின்றது. முன்வரிசையில் சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. உரையை அசையாமல் கேட்டது அல்பேர்ட்டின் நாய் றெக்ஸ் மட்டும்தான். காட்டில் காத்திருந்து பழகியது.

உரை முடிந்தபோது பத்து நிமிடம் மீதி இருந்தது. அல்பேர்ட் எழுந்து வந்து நேசமலரின் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனுஷன். அதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

"நான்தான் அவனை டொக்டரிடம் அனுப்பினேன்," என்றார் ஜேர்மனில். "நான் சொன்ன மறுநாளே போனான், தெரியுமா? யாராவது முந்தியே சொல்லியிருக்க வேண்டும்."

நேசமலர் "ஓம்" என்றாள். பிறகு அவருக்கு விளங்கட்டும் என்று "யா" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு நேரே பெட்டியடிக்கு நடந்தாள். நடக்கும்போதே கைப்பையைத் திறந்தாள்.

பென்ஜமின் குறுக்கே வந்தார். பிளாஸ்டிக் உறையும் கூட வந்தது.

"தங்கச்சி, சொன்னனான் எல்லே. எழுத்தில கிடக்கு."

"வாசிச்சனான்."

"பிறகென்ன?"

"அவர் சொல்லிச் சொல்லி நான் டெர்மினையும் விட்டனான், அண்ணை. இதை விடேலாது. விலகுங்கோ."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் பின்வரிசை வரைக்கும் சனம் பேச்சை நிறுத்தியது. பென்ஜமின் விலகவில்லை. கொம்புக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அல்பேர்ட் தேனுஜாவிடம், அம்மா என்ன செய்யப் பார்க்கிறாள் என்று கேட்டார்.

தேனுஜா போத்தலைப் பார்த்தாள். அதன் பச்சை மூடியை அவளுக்குத் தெரியும். டார்ம்ஸ்டாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் கண்டிருக்கிறாள். அல்பேர்ட்டின் கையில் ஒரு தேவதாருக் கொப்பு இருந்தது. வேட்டைக்காரர்கள் சுட்ட மானின் வாயில் அப்படி ஒரு கொப்பை வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். முதல் மானைச் சுட்டுவிட்டு வந்த அன்று அப்பா அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல, "எங்கடை வாய்க்கரிசி மாதிரியே?" என்று அம்மா கேட்டதும், "இது பாரம்பரியம், உது மூடநம்பிக்கை" என்று அப்பா சீறியதும் தேனுஜாவுக்கு ஞாபகம் இருந்தது.

"கடைசிக் கவளம்," என்றாள் ஜேர்மனில். "எங்களுக்கு அரிசி."

அல்பேர்ட் உடனே தொப்பியைக் கழற்றினார். ஆறு கொம்புக்காரர்களும் கழற்றினார்கள். அல்பேர்ட் ஒரு அடி பின்னால் வைத்து, தலை குனிந்து, வழி விட்டார். அதைக் கண்ட பென்ஜமின் உறையை இரண்டாக மடித்தார்.

"பாரம்பரியம்தானே," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மன்றம் ஒருநாளும் பாரம்பரியத்துக்கு எதிரில்லை. வாங்கோ தங்கச்சி."

நேசமலர் மகளைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லும் பார்வை அல்ல அது; அவள் கேட்டபோது திறக்காத வழி ஒரு ஜேர்மன் சொல்லுக்குத் திறந்திருந்தது. தேனுஜா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

ஆனந்தராசாவுக்குப் பச்சை வேட்டைச் சட்டை போட்டிருந்தார்கள். வலது தோளில், துவக்கின் அடிக்கட்டை பொருந்தும் இடத்தில், ஒரு தோல் துண்டு வைத்துத் தைத்திருந்தது. இப்போது இரண்டு இமைகளும் ஒரே அளவில் இறங்கியிருந்தன. நேசமலர் மூடியைத் திறந்தாள். தைல மணம் எழுந்தது. மூன்று விரலால் அரிசி எடுத்து வாயில் இட்டாள்.

உதடு திறக்கவில்லை. மெல்ல அழுத்தினாள். திறக்கவில்லை.

பெட்டிக்குப் பொறுப்பான கறுப்புக் கோட்டு மனிதர் ஓசையில்லாமல் அருகில் வந்தார். "மன்னிக்க வேண்டும். வாயை உள்ளுக்குள் தைத்திருக்கிறோம். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வோம்," என்றார்.

அரிசி தாடையில் உருண்டு, கழுத்துப் பட்டிக்குள் சில விழ, மிச்சம் தோள்வழியே போய் அந்தத் தோல் துண்டின் மடிப்பில் தங்கியது. பின்னால் பென்ஜமின் செருமினார். வெளியே அடுத்த குடும்பத்தின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

நேசமலர் போத்தலைக் கவிழ்த்தாள். மிச்ச அரிசி முழுவதையும் அந்தத் தோளில் கொட்டினாள். பெருவிரல் தானாகவே எலும்பின் குழியைக் கண்டுபிடித்தது. சட்டைக்கு மேலால் இரண்டு தரம் சுற்றித் தேய்த்தாள். அரிசி நறநறத்தது. கொம்புகள் ஊதத் தொடங்கின.

மூடியைத் திருகிப் பூட்டினாள். பிறகு, ஒவ்வொரு மாலையும் செய்வதுபோல, விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.