கொடாத தெரு

கணினியில் மூன்றாவது முறையும் அதே கோடு ஏறியது. ஏறக்கூடாத கோடு அது. தற்காலிகம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடி மேல் குற்றமில்லை. கோடு, மாடிப்படி ஏறுகிற பூனையைப் போல, யாரையும் சட்டை செய்யாமல் நிதானமாக மேலே போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், ஏறியே ஆகவேண்டிய இன்னொரு கோடு பாயை விரித்துப் படுத்துவிட்டது.

தற்காலிகம் என்பது அவருடைய அப்பா அம்மா வைத்த பெயரல்ல. பல்கலைக்கழகத்தின் வளர்ச்சி மற்றும் சமூகக் கொள்கைத் துறையில் அவர் சேர்ந்த அன்று, 'தற்காலிக ஆய்வாளர்' என்று ஒரு தாளில் அச்சடித்து அவருடைய அறைக் கதவில் ஒட்டினார்கள். ஒன்பது வருட வெயிலில் 'ஆய்வாளர்' வெளுத்துப் போய்விட்டது. 'தற்காலிக' மட்டும் நேற்று ஒட்டியதுபோல் கன்னங்கரேலென்று நின்றது. ஒரே தாள், ஒரே மை, ஒரே வெயில். ஏன் அப்படி ஆயிற்று என்று இயற்பியல் துறைக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனார்கள். துறை உதவியாளர் ஒருநாள், "தற்காலிகம் சாருக்கு ஒரு டீ" என்று குரல் கொடுத்தார். அன்றிலிருந்து அதுவே பெயர்.

கோட்டின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் பேராசிரியரின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த அம்மையார் இருபது வருடமாக ஒரே கொள்கையைக் கட்டிக் காத்துவந்தார். ஏழைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் தானாக மேலே ஏறி வருவார்கள். அதற்கு ஏணிக் கொள்கை என்று பெயர். அதைப் பற்றி மூன்று புத்தகம் எழுதி, பதினாறு நாடுகளில் பேசியும் விட்டார். நிரூபிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்காக நகரத்தின் ஓரத்தில், அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாயிருக்கும் இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்தார். இதில் நாற்பது வீடு, அதிலும் நாற்பது வீடு. இங்கே எத்தனை சண்டையோ அங்கேயும் அத்தனை. ஒரு தெருவுக்கு எல்லாம் கொடுப்பது, இன்னொன்றுக்கு எதுவுமே கொடுக்காதிருப்பது, ஐந்து வருடம் கழித்து இரண்டையும் ஒப்பிடுவது. அறிக்கைகளில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. துறைக்குள் கொடுத்த தெரு, கொடாத தெரு என்பார்கள்.

கொடுத்த தெருவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு மறுபயிற்சி. மறுபயிற்சியில் தூங்கியவர்களுக்கு ஊக்கப் பயிற்சி. வண்ணக் கையேடு, ஆலோசகர், வீட்டுக்கு ஒரு குடை. கொடாத தெருவுக்குத் தற்காலிகம் மட்டும்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளோடு போய், பதிலை எழுதிக்கொண்டு, முகத்தில் எந்தப் பாவமும் காட்டாமல் திரும்ப வேண்டும். எதையும் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான். கொடுப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஐந்து வருடம் ஒன்றுமே கொடுக்காமலிருக்கத் தனித் திறமை வேண்டும். அது அவரிடம் இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒரு பெண் மறதியாகப் பேனாவைக் கொண்டுபோய்விட, மூன்று வீடு துரத்திப்போய் வாங்கிவந்தார். இன்னொரு நாள் கொட்டுகிற மழையில் ஒரு லாரி டிரைவர் அவருடைய குடைக்குள் ஒதுங்கலாமா என்று கேட்டார். தற்காலிகம் ஒரு கணம் யோசித்துவிட்டுக் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் நனைந்தார்கள். ஆய்வு காப்பாற்றப்பட்டது.

அப்பேர்ப்பட்ட தெருவின் முன்னேற்றக் கோடுதான் இப்போது ஏறுகிறது.

பேராசிரியர் வரைபடத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகத்தான் சரியாக இருந்தது.

"யாரோ குடுத்திருக்காங்க" என்றார்.

"யாரும் குடுக்கல மேடம். நான் கண்கொத்திப் பாம்பா இருந்தேன்."

"அப்ப கோடு சும்மா ஏறுமா? ஏதாவது தொண்டு நிறுவனம் உள்ள பூந்திருக்கும். யாரு, என்ன குடுத்தாங்கன்னு கண்டுபிடிங்க. அந்தத் தெருவை ஆய்விலிருந்து தள்ளிடலாம்." மேசை மேலிருந்த நீலக் கோப்பைத் தட்டினார். "இது உங்க நியமன ஃபைல். ஒன்பது வருஷமா நானும் கேட்டுக் கேட்டு இப்பதான் ஒரு நிரந்தர இடம் வாங்கியிருக்கேன். முப்பதாம் தேதிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். போடணும்னா இந்த ஆய்வு நிக்கணும். புரியுதா?"

புரிந்தது. வீட்டில் அவர் மனைவிக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஒன்பது வருடமாக அவர்கள் வீட்டில் பாதிச் சாமான்கள் அட்டைப் பெட்டியிலேயே இருந்தன. எந்த மாதம் வேலை போகும், எந்த ஊருக்குப் போவோம் என்று தெரியாத வீட்டில் எதற்குப் பிரிப்பது? கல்யாணப் படம்கூடச் சுவரில் மாட்டப்படவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டுடுவாங்கல்ல?" என்றாள் மனைவி.

"ஒரு திருடனைக் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா போட்டுடுவாங்க."

"நீங்களா? நீங்க உங்க செருப்பையே ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்லையே."

மறுநாள் காலை தற்காலிகம் கொடாத தெருவின் முதல் வீட்டுக்குப் போனார். அது தையல்காரம்மாவின் வீடு. வாசலிலேயே மிஷினைப் போட்டுத் தைப்பவர். கேள்விப் பட்டியல் இல்லாமல் அவர் வந்து நின்றதைப் பார்த்து அந்த அம்மாவின் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது.

"என்ன தம்பி, வெறுங்கையோட? உடம்புக்கு முடியலையா?"

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. உங்க தெருவுக்கு யாரு என்ன குடுத்தாங்க? பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போகுது, தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கிறீங்க, வாராவாரம் கூட்டம் நடக்குது. யாரு வந்தாங்க?"

தையல்காரம்மா ஊசியிலிருந்து நூலைக் கடித்து எடுத்தார். "நல்லாயிருக்கே கதை. நீங்கதான் வந்தீங்க."

"நானா? நான் ஒரு பேனாகூடக் குடுத்ததில்லையே!"

"அது தெரியாதா? பேனா எடுத்துட்டுப் போனவ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நீங்க மொத தடவை வந்தப்ப முப்பத்தொண்ணாவது கேள்வி கேட்டீங்க. வீட்டுல ஒரு முடிவு எடுக்கும்போது உங்க வீட்டுக்காரர் உங்களைக் கேக்குறாரான்னு. நான் இல்லைன்னேன். நீங்க ஒண்ணுமே சொல்லாம எழுதிக்கிட்டீங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. தப்பா விடை சொன்னா வாத்தியார் பேசாம இருப்பாரே, அப்படி இருந்துச்சு எனக்கு. அன்னிக்கே இவர்கிட்ட சொன்னேன். பல்கலைக்கழகத்துலேருந்து ஆள் அனுப்பிக் கேக்குறாங்கன்னா அது ஊர் உலகத்துல எல்லாரும் செய்யறதாத்தான் இருக்கும், நீங்க மட்டும் ஏன் செய்யறதில்லன்னு."

தற்காலிகம் படியில் உட்கார்ந்தார்.

"அப்புறம் அந்தத் தெருவுக்குக் குடை வந்துச்சு, எங்களுக்கு வரல. நாங்க என்ன நினைப்போம்? அவங்க பாஸ், நாங்க ஃபெயில். விடுவோமா? இருநூத்திப் பன்னிரண்டையும் மனப்பாடம் பண்ணிட்டோம். பதினேழாவதை மட்டும் வீட்டுக்கு வீடு தனியாச் செய்ய முடியல. தெருவுல பொதுக் கூட்டம் நடக்குதான்னு. சரின்னு கூட்டம் போட்டோம். கூட்டத்துல பேச வேற விஷயம் இல்ல, அதனால மத்த கேள்வியைப் பத்திப் பேசினோம்."

"அப்ப நீங்க சொன்ன பதில் எல்லாம் பொய்யாக்கா?"

தையல்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யா? பொய் சொன்னா இருநூத்திப் பன்னிரண்டு பொய்யை யாரு தம்பி ஞாபகம் வச்சுக்கறது? மூணு மாசம் கழிச்சு மாத்திக் கேப்பீங்க. செஞ்சுட்டா ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல பாருங்க. அதுதான் சுலபம்னு செஞ்சுட்டோம்."

தற்காலிகம் வானத்தைப் பார்த்தார். திருடன் கிடைத்துவிட்டான். அவனுக்கு வீட்டில் ஒரு மனைவியும் அட்டைப் பெட்டிகளும் இருந்தன. பேராசிரியரின் பயிற்சிகளைக் கேள்விகள் மட்டுமே தோற்கடித்துவிட்டன என்று போய்ச் சொன்னால், இருபது வருட ஏணியை அடியில் பிடித்து இழுத்தது போலாகும். கொடுத்த தெரு ஏன் படுத்தது என்பதும் இப்போது விளங்கியது. அவர்களுக்குப் பயிற்சிக்குப் போய் வரவே நேரம் போதவில்லை.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அந்த அம்மா மெல்லக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டார். கேட்டு முடித்ததும் மிஷின் மேல் கையை வைத்தார்.

"நாங்க நல்லா இருக்கறதால உங்க வேலை போகுமா?"

"அப்படித்தான் ஆகுதுக்கா."

"இதை மொதல்லயே சொல்ல வேண்டாமா? ஒரு தடவைதானே, எல்லாரும் கொஞ்சம் கெட்டுப்போறோம். கூட்டத்துல சொல்லிடறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் தற்காலிகம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. தெரு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

பேராசிரியரிடம், திருடன் அகப்படவில்லை, அளவெடுத்ததில் பிசகு இருக்கலாம், இன்னொரு சுற்று கேட்டுவிடலாம் என்றார். "நானே வரேன்" என்றார் பேராசிரியர். ஐந்து வருடத்தில் அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. கொடாத தெருவைக் கண்ணால் பார்த்தால் மனசு இளகி எதையாவது கொடுத்துவிடுவோம் என்று பயம்.

அவர்கள் போன நாளில் தெரு கெட்டுப்போய் அருமையாக இருந்தது. வாசல்களில் குப்பையை ஒழுங்கான வரிசையில் பரப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள் திண்டாட்டத்தோடு உட்கார்ந்து ஒருவரையொருவர் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தையல்காரம்மாவின் முக்காலியில் உட்கார்ந்து, கேள்விப் பட்டியலைத் தானே வாங்கிக்கொண்டார். அவருடைய தோள்பையிலிருந்து நீலக் கோப்பின் மூலை வெளியே எட்டிப் பார்த்தது. தற்காலிகத்தின் கண் அங்கேயே இருந்தது.

"குடிக்கிற தண்ணியைக் காய்ச்சுவீங்களா?"

"சேச்சே, அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் தையல்காரம்மா. அவருக்குப் பின்னால் அடுப்பில் பாத்திரத்தின் மூடி தடதடவென்று ஆடியது. காலால் கதவைச் சாத்தினார்.

பேராசிரியர் வாசலில் இருந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். "நீ ஏம்மா பள்ளிக்கூடம் போகல?"

"இன்னிக்கு மட்டும்தான் மேடம். லீவு லெட்டர் குடுத்திருக்கோம். முப்பத்தாறு பேரும் ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போட்டோம்."

பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார். முப்பத்தொன்றாவது கேள்விக்கு, தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அன்று மழையில் நனைந்த அதே லாரி டிரைவர். தலை நிலையில் இடிக்கிற உயரம்.

"வீட்டுல ஒரு முடிவு எடுக்கும்போது மனைவியைக் கேப்பீங்களா?"

"கேக்கவே மாட்டேன்!" என்று தெருமுனைவரை கேட்கும்படி சொன்னார் டிரைவர். சொல்லிவிட்டு மனைவி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "சரியாச் சொன்னேனா?" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. கத்தாம சொல்லியிருக்கலாம்."

உள்ளே பாத்திரத்தின் மூடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். வரிசையாகப் பரப்பிய குப்பையைப் பார்த்தார். வாய்ப்பாட்டை நிறுத்திவிட்ட பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியாகத் தற்காலிகத்தைப் பார்த்தார்.

"யாரு குடுத்தது?"

ஒரு பெயரைச் சொன்னால் போதும். இல்லாத ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது; வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்தார். முகவரிகூட வைத்திருந்தார். அதைச் சொன்னால் இந்தத் தெருவை ஆய்விலிருந்து தள்ளிவிடுவார்கள். முப்பத்தாறு கையெழுத்தும், ஐந்து வருட மனப்பாடமும், நடக்காததாகிவிடும்.

"நான்தான் மேடம்."

"என்ன குடுத்தீங்க?"

அவர் பேராசிரியரின் கையிலிருந்த காகிதக் கட்டைக் காட்டினார். "வேற ஒண்ணும் இல்ல மேடம். சத்தியமா."

"மேடம், அவர் மேல தப்பே இல்ல" என்று தையல்காரம்மா குறுக்கே வந்தார். "கேள்விக்கு மேல ஒரு வார்த்தை பேசினதில்ல. குடையை மடக்கிட்டு நனைஞ்ச மனுஷன். அவருக்கு வேலையைப் போட்டுக் குடுங்க. இது பத்தலைன்னா சொல்லுங்க, இன்னும் கெட்டுப்போறோம். எங்களுக்கு ஒரு வாரம் மட்டும் டைம் குடுங்க."

பேராசிரியர் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தான் எழுதிய கேள்விகளைத் தானே படிக்க ஆரம்பித்தார். சில இடங்களில் உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்று, டிரைவரைப் பார்த்து, மறுபடியும் படித்தார். நாற்பது வீட்டு ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து கூடிவிட்டார்கள். யாருக்கும் நின்ற கால் வலித்ததாகத் தெரியவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்தது. பேராசிரியர் பைக்குள் கையை விட்டு நீலக் கோப்பை எடுத்தார். கோப்பை மடிமேல் வைத்து, திறக்காமல், அதன் மேல் கேள்விப் பட்டியலை வைத்தார். எழுதுவதற்கு அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டியிருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் 213 என்று எழுதி, ஒரு புள்ளி வைத்தார்.

பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு யோசித்தார். தெரு முழுக்க ஓரடி முன்னால் வந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.