நாற்பத்தோராவது வரி

காலை ஒன்பது மணிக்கு மேலாளர் அந்த வரியைத் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது டீச்சர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை அல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறவள். யார் எழுதியதைக் கொடுத்தாலும் கமா வரைக்கும் திருத்திக் கொடுப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அங்கே சர்வர்களை யாரும் கையால் அமைப்பதில்லை. எது எங்கே எப்படி நிற்க வேண்டும் என்று கோப்புகளில் எழுதி வைப்பார்கள். ஒரு கருவி அதைப் படித்து அப்படியே கட்டிவிடும். அப்படிப்பட்ட ஒரு கோப்பின் நாற்பத்தோராவது வரியில் 'கேஷ்' என்ற தற்காலிகத் தரவுத்தளத்தின் கடவுச்சொல் பச்சையாக உட்கார்ந்திருந்தது. எந்த நோயாளிக்கு எந்த டோக்கன், எந்த மருத்துவர், எந்த அறை என்பதைக் கண் இமைப்பதற்குள் எடுத்துக் கொடுக்கும் இடம் அந்தக் கேஷ். கடவுச்சொல் கிடைத்தவன் யார் வீட்டு வியாதியையும் எட்டிப் பார்க்கலாம்.

"வெளியிலேர்ந்து வந்த தணிக்கைக்காரர் அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சிட்டார். நம்ம கண்ணுல மூணு வருஷமா படல," என்றார் மேலாளர். "யார் எழுதினதுன்னு பார்த்தா உங்க பேர் இருக்கு, தாடி. இந்த மாசத்தோட உங்க ஒப்பந்தம் முடியுது இல்லையா? புதுப்பிக்கறதை நான் யோசிக்கணும்."

தாடியும் அதே பிரிவில் வேலை பார்க்கிறவன்; முகத்தில் இருந்ததே பெயராகிவிட்டது. அதைத் தடவிக்கொண்டான்.

டீச்சருக்கு விஷயம் தெரியும். போன வருஷம் தாடி எல்லாக் கோப்புகளையும் புதிய இடத்துக்கு மாற்றினான். அன்றைக்கு ஒவ்வொரு வரியின் மேலும் அவன் பெயர் ஏறிக்கொண்டது. மாற்றங்களைக் குறித்து வைக்கும் பழைய பதிவைத் தோண்டினால் அவள் பெயர் இருக்கும். 'இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு எடுத்துவிடலாம்' என்று எழுதிய வரி. அந்த நாளை வரவேயில்லை.

கடவுளே, குரல் நடுங்காமல் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சார், அதை எழுதினது நான். தாடி கோப்பை இடம் மாத்தினார், அவ்வளவுதான். பழைய பதிவைப் பாருங்க."

மேலாளர் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"டீச்சரே பிட் அடிச்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? பன்னிரண்டு மணிக்குத் தணிக்கைக்காரர் திரும்ப வருவார். அதுக்குள்ள இந்தக் கடவுச்சொல் செல்லாக்காசு ஆகணும். ஆனா கீழே நோயாளிங்க வரிசையில ஒரு டோக்கன்கூட நிக்கக் கூடாது."

"நிக்காது சார்."

தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அந்த வரியை அழிச்சிடலாமா டீச்சர்?"

"அழிச்சு என்ன பிரயோஜனம்? பழைய பதிவுல அது இருந்துக்கிட்டேதான் இருக்கும். ஒரே அடியா மாத்தினா கீழே டோக்கன் போர்டெல்லாம் இருண்டுடும். கேஷுக்கு இன்னொரு பயனர் கணக்கு போடுவோம். கேஷைப் பயன்படுத்தற ஏழு சேவையையும் ஒவ்வொண்ணா புதுக் கணக்குக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு, கடைசியில பழையதை மூடுவோம்."

புதிய கடவுச்சொல்லை, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் ரகசியப் பெட்டக மென்பொருளே உருவாக்கியது. கோப்பில் பெட்டகத்தின் பெயர் மட்டும் நின்றது. தாடி கையைத் தட்டினான்.

"இரு, இன்னும் முடியல. கருவி தான் கட்டினதை மறக்காம இருக்க ஒரு கோப்பு வெச்சிருக்கே, அதைத் திற."

திறந்தான். பழைய கடவுச்சொல் அங்கேயும் முழுசாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இருந்தது.

"அடப்பாவி! வாசலைப் பூட்டிட்டு ஜன்னல்ல சாவியை மாட்டின கதையால்ல இருக்கு."

"அதனாலதான் புதுசைக் கருவி கையில கொடுத்தாலும் அது எழுதி வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லணும்." கருவிக்கு அப்படியே கட்டளை கொடுத்துவிட்டு, அது எழுதி வைக்கவில்லை என்பதைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

பதினொன்றரைக்குள் ஏழு சேவைகளும் மாறிவிட்டன. ஆனாலும் பழைய கணக்கில் ஒரு இணைப்பு மட்டும் போகாமல் நின்றது. எந்தக் கோப்பிலும் இல்லாத முகவரி. தேடிப் பார்த்தால் கீழ்த்தளம், கண் பிரிவு. யாரோ எப்போதோ கையால் மாட்டிய டோக்கன் போர்டு.

இருவரும் படியிறங்கி ஓடினார்கள். வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். கவுன்டரில் இருந்த அம்மாவிடம் டீச்சர் மூச்சு வாங்கச் சொன்னாள்: "அம்மா, அஞ்சு நிமிஷம் போர்டை அணைக்கணும். முடியுமா?"

"தாராளமா அணைம்மா! கண்ணு தெரியலன்னு வர்றவங்களுக்குப் போர்டு வெச்சவன் எந்த மகராசனோ. தினமும் நான்தானே எழுந்து போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்." எழுந்து நின்று குரலை உயர்த்தினாள். "இருபத்தேழு! யாருப்பா இருபத்தேழு? மெதுவா வாங்க ஐயா, படி இருக்கு."

அந்தக் குரல் கேட்டபடி இருக்க, டீச்சர் போர்டுக்குப் பின்னாலிருந்த பெட்டியில் புதிய கணக்கை அமைத்தாள். ஒருவரும் முறை தவறவில்லை. பெரியவர் ஒருவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது, தான் மேலே காப்பாற்றிக்கொண்டிருப்பது யாரை என்று அவளுக்குப் புரிந்தது.

பழைய கணக்கில் இணைப்புகள்: பூஜ்ஜியம். அதை நீக்கினாள். பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

படியேறும்போது கேட்டாள். "பழைய பதிவைப் பார்த்திருப்பியே. ஏன்ப்பா சொல்லல?"

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, மூணு நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தீங்க. யார்கிட்டயும் மூச்சு விடல. நான் மட்டும் சொல்லிடுவேனா?"

"அதுக்காக சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுக்குவியா, மடையா?" என்றாள். கண் கலங்கியதை மறைக்க வேகமாகப் படியேறினாள்.

தணிக்கையாளர் பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார். மேலாளர் தாடியின் மேஜையில் புதுப்பித்த ஒப்பந்தத்தை வைத்தார். டீச்சரிடம், "நடந்ததை முழுசா எழுதிக் கொடுங்க, எல்லாரும் படிக்கட்டும்," என்றார். அதுதான் தண்டனை.

அவள் எழுதினாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, தன் பெயர், தன் சோம்பல், எதையும் விடவில்லை. அனுப்புமுன் சரிபார்க்கத் தாடியிடம் கொடுத்தாள்.

அவன் மெதுவாகப் படித்தான். "எல்லாம் சரியா இருக்கு. மூணாவது வரியில ஒரு கமா விட்டுட்டீங்க டீச்சர்."