மேட்ரன் செய்தது போலவே

ஞாயிறு பூசை முடிந்ததும் மலேசியாவின் கிள்ளான் மாதா கோயில் மண்டபத்தில் மருந்து போட வந்த தொழிலாளர்களால் பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. நர்ஸ் விவியன், அழகிரி என்பவனின் கையில் ஒட்டிக் கிடந்த துணியை உப்புநீரில் நனைத்து நனைத்துப் பிரித்தாள். அவன் புதுக்கோட்டைக்காரன், பக்கத்து ஊரான மேருவில் பலகைத் தொழிற்சாலையில் வேலை. ரம்பம் கிழித்த உள்ளங்கை வீங்கி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"இது இங்க ஆகாது தம்பி. இன்னைக்கே ஹோஸ்பிட்டல் போவணும்."

"நீங்களே கட்டி விட்டுருங்க சிஸ்டர். வேலை பெர்மிட்ட முதலாளி புதுப்பிக்கல. பாஸ்போர்ட்டும் அவருகிட்ட இருக்கு. போனா போலீஸ்ல புடிச்சுக்குவாங்க."

இந்த ஞாயிறு சேவையைத் தொடங்கியவர், ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்த உர்சுலா மேட்ரன். ஓய்வு பெற்ற கையோடு மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். தன் வார்டு நர்சுகளின் விடுமுறையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். போன வருடம் அவர் இறந்த பிறகும் யாரும் விட்டுப் போகவில்லை. முறையும் மாறவில்லை: முதலில் காயம், பிறகுதான் பெயர். காயம் பெரிதென்றால் மேட்ரனே முதலாளிக்குப் போன் போடுவார். "உங்க ஆளு என்கிட்ட இருக்கான். பாஸ்போர்ட்டோட வந்து ஹோஸ்பிட்டல்ல சேருங்க." அலறியடித்துக்கொண்டு வருவார்கள். கிள்ளானில் பாதிப் பேர் அவர் வார்டில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்.

விவியன் கைப்பேசியை எடுத்தாள். "ஒங்க முதலாளி நம்பர் சொல்லு."

அழகிரி தயங்கினான். சிஸ்டரே கேட்கிறாரே என்று எண்ணைச் சொன்னான்.

பக்கத்தில் சாதிக் என்பவனின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸ் வலேரி நிமிர்ந்தாள். "வேணாம் லா. மேட்ரன்னா பயந்தாங்க. ஒன்ன யாருக்குத் தெரியும்?"

"கை போயிடும் வலேரி. மேட்ரன் இருந்தா போன் போட்டிருப்பாங்களா இல்லியா?"

விவியன் எண்ணை அழுத்தி, மேட்ரனின் வார்த்தைகளையே முதலாளியிடம் சொன்னாள்.

தொழிற்சாலை வேன் இவ்வளவு சீக்கிரம் வருமென்று விவியன் நினைக்கவில்லை. முதலில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. இறங்கிய சூப்பர்வைசர் யுகேந்திரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"தேங்க்ஸ் சிஸ்டர். இனிமே கம்பெனி பாத்துக்கும்."

"பாஸ்போர்ட்?"

"ஆபீஸ்ல இருக்கு. போற வழியில எடுத்துக்கறேன்." அவன் பார்வை பெஞ்சுகள்மேல் நிதானமாக ஊர்ந்தது. "நம்ம ஆளுங்க நெறைய பேரு இங்க வராங்க போல?" கைப்பேசியை உயர்த்தி மண்டபத்தைப் படம் பிடித்தான். "சும்மா சிஸ்டர். பாஸுக்குக் காட்டத்தான். நல்ல சேவை பண்றீங்க."

"நானும் கூட வரேன்."

"எடம் இல்ல சிஸ்டர்."

இடம் இல்லைதான். வேனுக்குள் ஏற்கெனவே இரண்டு முரட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அழகிரி படியில் நின்றுவிட்டான். யுகேந்திரன் அவன் தோளில் கைபோட்டு, நண்பனைப் போல உள்ளே தள்ளினான். அழகிரி திரும்பி விவியனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமாவது இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் கேட் வரை ஓடினாள். ஆஸ்பத்திரிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வேன் வலது பக்கம் திரும்பியது. முதலாளியின் எண்ணை மறுபடியும் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது பெஞ்சுகள் காலியாகிக்கொண்டிருந்தன. சாதிக்கும் எழுந்து நின்றிருந்தான்.

"ஒக்காருங்க அண்ணே, இன்னும் மருந்தே வைக்கல," என்றாள் வலேரி.

"அவருதான்க்கா எனக்கும் சூப்பர்வைசர். படம் புடிச்சுட்டாரு."

முன்வாசலைத் தவிர்த்துச் சமையலறைப் பக்கமாக வெளியேறினான். பாதி சுற்றிய துணி பின்னால் இழுபட, கழுவிய புண்காலை மதிய வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் ஊன்றி, வேகமாக நடந்தான்.