மூக்குக்குள் வைக்காத கனம்

பிளாஸ்டிக் பொம்மை விமானம் வாலை மேசையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது. கஜேந்திரன் அதைச் சரித்து மூன்று சக்கரங்களிலும் நிறுத்தினான். விரலை எடுத்ததும் மறுபடி வால் இறங்கியது.

தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிற்பகலிலேயே பல்பு எரிந்தது. லிந்துலையை மூடுபனி விட்டபாடில்லை. ஈரத்தில் வெள்ளைப் பெயின்ட் காயாததால், ஒவ்வொரு பூச்சுக்கும் விமானத்தைப் பல்புக்கடியில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சுதர்ஷினி வேலைக்குப் போகும் பங்களாவில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன, பாகங்களை ஒட்டி விமானம் செய்யும் பெட்டி அது. அலமாரி மேல் கிடந்ததை, வீட்டு வேலைக்காகக் குவைத் போக அவளுடைய டிக்கெட் வந்த அன்றுதான் இறக்கினான். 'போகாதே' என்ற சொல்லுக்காக அவள் காத்திருப்பது அவனுக்குத் தெரியும். சொன்னால், வேறு வழி என்ன என்று கேட்பாள். மாதத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கும் ஃபெக்டரியில் மெஷின் பார்ப்பவன் என்ன வழியைக் காட்டுவான்? அதனால் சின்னச் சின்னப் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டினான், பிசிறைப் பிளேடால் சீவினான், ஒட்டினான்.

இன்றைக்கு விமானம் முடிந்துவிட்டது. கதவருகே அவளுடைய சூட்கேசும் தயார். பூட்டு மட்டும் போடவில்லை. சாயங்காலம் வேன் வரும்.

"என்னங்க இது, மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்குது? ஒங்கம்மா மாதிரியே," என்றாள் சுதர்ஷினி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பின்னாடி கனம் கூடிருச்சு. மூக்குக்குள்ள ஈயத் துண்டு ஏதாச்சும் வச்சிட்டுத்தான் ரெண்டு பாதியையும் ஒட்டணும். பெட்டியில இருந்த செய்முறைப் படத்துல போட்டிருக்கான். நான்தான் பாக்கல."

"இப்பத் தொறந்து வைங்க."

விளக்கம் சொல்லக் கிடைத்ததும் அவன் குரலுக்கு உயிர் வந்தது. "இது சாதாப் பசை இல்ல, சுதா. ரெண்டு ஓரத்தையும் கரைச்சு ஒண்ணாக்கிரும். காஞ்சப்புறம் ஒட்டுன எடமே தெரியாது. பிரிக்கணும்னா வெட்டத்தான் வேணும். பெயின்ட்டெல்லாம் போயிரும்."

"அப்ப மூடுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"ம்."

"ஏஜென்சிக்காரன் சம்மதமான்னு கேட்டப்பவும் இப்பிடித்தான் 'ம்'ன்னீங்க."

அவன் தூரிகையைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் சூட்கேசின் மேலிருந்த சின்னப் பூட்டை எடுத்துவந்தாள். விமானி அமரும் கண்ணாடிக்குச் சற்று முன்னால் அதைப் படுக்கவைத்து, வழுக்காமலிருக்கச் சாவிக் கயிற்றை உடம்பைச் சுற்றி ஒரு தடவை கட்டினாள். மூக்கு மெதுவாக இறங்கியது. முன் சக்கரம் மேசையைத் தொட்டது. விமானம் நேராக நின்றது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே ரோட்டில் வேன் ஹோன் அடித்தது.

"பூட்டு வேணும்ங்க," என்றாள். கையை நீட்டவில்லை.

கஜேந்திரன் பிளேடை எடுத்தான். "வெட்டித் தொறந்துரலாம்," என்றான். "பெயின்ட் போனாப் போகுது."

"எதச் சொல்றீங்க? விமானத்தயா, அன்னைக்குச் சொன்ன 'ம்'மயா?"

ஹோன் மறுபடி அடித்தது. பூட்டைச் சுமந்தபடி விமானம் மூன்று சக்கரங்களிலும் நின்றது. கதவருகே சூட்கேசின் மூடி, உள்ளே திணித்த துணிகளின் அழுத்தத்தில், ஒரு விரல் அளவு திறந்தே இருந்தது.