பன்னிரண்டு மணிக்கு மேல்

பன்னிரண்டு மணி தாண்டினால் அந்தச் சின்ன லீவர் பேச்சுக் கேட்காது. மருதையன் அதை மேலே தள்ளினான். இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கீழே இறக்கினான். பின்னால் ரொட்டாவேட்டர் சேற்றைக் கிளற, டிராக்டர் முக்கி முனகி ஊர ஆரம்பித்தது. வரப்பில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற ஈஸ்வரி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

இருபத்தேழு வருஷத்து வண்டி. வாங்கின புதிதில் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்தார்கள். மற்ற டிராக்டரெல்லாம் கிளட்சை மிதித்து நின்று கியர் மாற்ற, இது ஓட்டத்திலேயே மாறும். மண் இறுகினால் லீவரைக் கீழே இறக்கு, இளகினால் மேலே தள்ளு, அவ்வளவுதான். அந்தச் சொகுசுக்காகக் கியர் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தில் ஒட்டிப் பிடிக்கிற தட்டுகள் இருந்தன. இத்தனை வருஷச் சேற்றுழவில் அவை தேய்ந்து அப்பளமாகிவிட்டன.

போன மாதம் மெக்கானிக் ஷஹ்பாஸ் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முதலாளி சாரங்கபாணியிடம் சொன்னார்.

"தட்டெல்லாம் போச்சுண்ணே. இதுக்குச் சாமான் இப்ப எங்கயும் கெடைக்காது. எண்ணெய் சூடாகாத வரைக்கும் பிடிக்கும். சூடாயிட்டா வழுக்கும். காலையில ஓட்டுங்க, மத்தியானம் நிறுத்திடுங்க."

சாரங்கபாணி பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். காலையில் பெரிய பண்ணை வயல். மதியத்துக்கு மேல் குத்தகைக்காரர்களின் மூன்று மா, நான்கு மா, எல்லாம் ஒரு ஏக்கர் அளவுத் துண்டுகள். வாடகை மணிக்கணக்கு. பறந்தாலும் ஊர்ந்தாலும் மணி மணிதான். "கேட்டா மண்ணு இறுக்கம்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். முன்பு ஓட்டிய செல்லத்துரை யாரிடமோ உண்மையைச் சொல்லித் தொலைத்தான். இப்போது திருப்பூரில் பனியன் மடித்துக்கொண்டிருக்கிறான். ஐம்பதைத் தாண்டிய மருதையனை அங்கேயும் யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஈஸ்வரி அவன் தெருக்காரி. கோயில் நிலம் மூன்று மா குத்தகை. இரண்டாம் போகமான தாளடிக்கு நாற்று விட்டு முப்பத்தைந்து நாளாகிவிட்டது. நாளைக் காலை நடவுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களை விட்டால் பத்து நாளைக்கு ஆள் கிடையாது, அதற்குள் நாற்று முற்றிப்போகும். காலை ஆறு மணிக்கு வருவதாக மருதையன்தான் சொல்லியிருந்தான். முதலாளி வண்டியைப் பண்ணைக்குத் திருப்பிவிட்டார். அவள் விடிந்ததிலிருந்து வரப்பில் நிற்கிறாள். வண்டி வந்தபோது மணி பன்னிரண்டே கால்.

"என்னண்ணே, பண்ணையில பறந்துக்கிட்டு இருந்தீங்க. நம்ம வயலுன்னா மட்டும் மாப்பிள்ளை ஊர்கோலமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"மண்ணு இறுக்கமா இருக்கும்மா."

அவள் சிரிப்பு நின்றது. கால் கட்டைவிரலால் வரப்போரத்துச் சேற்றை அழுத்திப் பார்த்தாள். "அறுப்பு மிஷின் எறங்குனதுல அமுங்கிப்போச்சு போல. நான் ரெண்டு நாள் முன்னாடியே தண்ணி கட்டியிருக்கணும். என் தப்புதாண்ணே. உங்களுக்குத்தான் செரமம்."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று மருதையனுக்கு இருந்தது. கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த டீயையும் இரண்டு வடையையும் அவள் நீட்டினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள், அதனால் வாங்கிக்கொண்டான்.

ஒரு கியரைக் கூட்டிப் பார்த்தான். ரொட்டாவேட்டரை இழுக்க முடியாமல் வண்டி திணறியது. சரி, எண்ணெய் ஆறட்டும் என்று இன்ஜினை அணைத்தான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஈஸ்வரி வரப்பிலேயே ஓடிவந்தாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க? ரெண்டு மணி நேரத்துக்குக் காசு வச்சிருக்கேன். மேல ஆனாலும் எப்படியாவது பொரட்டிக் குடுத்துடறேன். நிறுத்திடாதீங்கண்ணே, பொழுது போயிடும்."

"அதுக்கில்லம்மா" என்றவன் சாவியைத் திருப்பினான். மூன்றரை மணிக்கு வயலில் பாதிகூட முடியவில்லை. சாரங்கபாணியின் போன் வந்தது.

"எவ்வளவு ஆச்சு மருதையா?"

"பாதி நிக்குது மொதலாளி. சுத்தமாப் பிடிக்க மாட்டேங்குது. நாளைக்குக் காலையில மொதல்ல இதை முடிச்சுட்டு அப்புறம் பண்ணைக்குப் போறேனே. ஒரு மணி நேரந்தான் ஆகும்."

"பண்ணையில நாலு ஏக்கர் பாக்கி கெடக்கு. அங்க போறதுக்குள்ள சூடாயி ஊந்துச்சுன்னா அடுத்த வருஷம் நம்மளக் கூப்புடுவாங்களா? நீ இன்னைக்கே ஓட்டி முடி. ஈஸ்வரி எங்க போயிடப் போறா?"

போனைச் சட்டைப் பையில் போட்டான். வெட்கங்கெட்ட பொழைப்பு என்று வாய்விட்டே சொன்னான். போனால் போகிறது, அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தலையைத் தூக்கினான்.

ஈஸ்வரி வரப்பில் இல்லை. உழாத பக்கத்தில் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் மலர்க்கொடி, காலேஜுக்குப் போட்டுப்போன சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னொரு மண்வெட்டியுடன் நின்றாள்.

"ஈஸ்வரி, என்னம்மா பண்றீங்க? ஏறுங்க மேல!"

"நீங்க ஓட்டுங்கண்ணே. முன்னாடி கொஞ்சம் கொத்திக் குடுத்தா வண்டிக்குச் செரமம் இருக்காதுல்ல."

"வேணாம்மா. மண்ணு நல்லாத்தான் இருக்கு. மண்ணுல ஒண்ணுமே இல்ல. வண்டிதான்..."

"எனக்காகச் சொல்லாதீங்கண்ணே." நிமிராமலே பேசினாள். "காலையில பண்ணையில எப்படி ஓடுச்சுன்னு நான்தான் பாத்தேனே. என் வயல்ல எறங்கி வண்டி கெட்டுப்போச்சுன்னு பேராச்சுன்னா, அப்புறம் எனக்கு யாருண்ணே உழ வருவா? மலரு, அந்த மூலையில இன்னும் ஆழமாப் போடு."

மருதையன் லீவரைக் கீழே இறக்கி வண்டியை எடுத்தான். தாயும் மகளும் குனிந்தபடியே வெட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். டிராக்டர் பின்னால் போயிற்று. மறு கரை வரைக்கும் அதனால் அவர்களை எட்டிப் பிடிக்க முடியவில்லை.